எழுபது பர்சன்ட் என்பது எதன் கணக்கு?

தாம்பரத்தில் ரயில் ஏறி பொத்தேரியில் இறங்குபவர்களில் ஒருவர் மடியிலாவது ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கும். பேச்சு ஒரே எண்ணில் போய் நிற்கும்: “எழுபது பர்சன்ட் பிளாக்காம்.” ஐம்பது என்றால் முகத்தில் நிம்மதி. தொண்ணூறு என்றால் எதிர் சீட்டுக்காரரே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஆஞ்சியோ எடுத்தாகிவிட்டது, எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கை அந்த ஃபைலை விடக் கனமானது. அது தப்பு.

ஆஞ்சியோ காட்டுவது இதய ரத்தக்குழாயை அல்ல, அதற்குள் ஓடும் சாயத்தின் நிழலை. நோய் இருப்பதோ சுவரில். கொழுப்பு சேரச் சேர, சுவர் முதலில் வெளிப்பக்கம் உப்பி இடம் கொடுக்கிறது. சீமோர் கிளாகோவும் அவர் குழுவினரும் 1987இல் எழுதியது இதைத்தான்: படிவு குழாயின் பரப்பில் சுமார் 40 சதவீதத்தை எட்டும்வரை உள்வழி பெரிதாகச் சுருங்குவதில்லை. நிழலில் அதுவரை எல்லாம் சுத்தம்! இன்னொரு கோளாறும் உண்டு. பக்கத்தில் ‘நல்லா இருக்கிற’ இடத்தோடு ஒப்பிட்டுத்தான் அந்த எழுபதைச் சொல்கிறார்கள். அந்த நல்ல இடத்திலேயே படிவு இருந்தால்?

சுவரைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் ஐவஸ் எனப்படும் கத்தீட்டர் அல்ட்ராசவுண்ட். அதில் ஒரு வகையில், ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள முனையைச் சுற்றி, ஒலியை அனுப்பி வாங்கும் 64 துண்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய தலைமுடி அகலம். 64 ஒயரை அந்தக் கத்தீட்டருக்குள் இழுக்க வழியில்லை. அதனால் சிப்புகளையே முனையில் வைத்து, துண்டுகளை முறைபோட்டுப் பேசவிட்டு, சில ஒயர்களிலேயே காரியத்தை முடிக்கிறார்கள். 20 மெகாஹெர்ட்ஸில் ரத்தத்தில் அலைநீளம் சுமார் 0.08 மில்லிமீட்டர். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் 40, 60 என்று ஏறலாம். ஆனால் ஒலி ஆழம் போகாது, ரத்தமே படத்தில் புள்ளி புள்ளியாக இரையும். இன்னொரு வகையில் ஒற்றைத் துண்டு நிமிடத்துக்கு 1,800 முறை சுழலும். படம் கூர்மை, குழாய் வளையும் இடத்தில் கேபிள் இழுபட்டுப் படம் கோணும். ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பிடிக்க முடியும். இன்ஜினியரிங் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கும் பொத்தேரியில் இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்குமா? 

“காசு பிடுங்க இன்னொரு டெஸ்ட்” என்பார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது.  ஆனால் சீனாவில் 1,448 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான ‘அல்டிமேட்’ ஆய்வைப் பாருங்கள். அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைத்த குழாயால் ஓராண்டுக்குள் மரணமோ மாரடைப்போ மறு சிகிச்சையோ நேர்ந்தது, ஐவஸ் பார்த்து வைத்தவர்களில் 2.9 சதவீதம், ஆஞ்சியோவை மட்டும் நம்பி வைத்தவர்களில் 5.4. நிழலை அளந்து வாங்கிய ஸ்டென்ட் சிறுத்துப்போகலாம், சுவரோடு ஒட்டாமல் நிற்கலாம். ஆஞ்சியோவில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். சிக்கலான அடைப்புகளுக்கு உள்ளிருந்து பார்த்தே ஸ்டென்ட் வைக்கும்படி ஐரோப்பிய இதயநோய்ச் சங்கமும் 2024இல் உறுதியாகப் பரிந்துரைத்துவிட்டது.

சண்டை போட வேண்டியது விலையோடு. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்த அரசிடம், ஒருமுறை மட்டுமே பயன்படும் இந்தக் கத்தீட்டரின் விலையையும் அதே கண்டிப்போடு பார்க்கச் சொல்லுங்கள்.