நாலு மணிப் படிப்பு

பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடுகளில் ஆண்டு தொடங்கும்போதே ஒரு விதி அமலுக்கு வந்துவிடுகிறது: காலை நாலு மணிக்கு எழுந்து படிக்க வேண்டும். விடியற்காலையில் படித்ததுதான் மனசில் பதியும் என்று பெற்றோர் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பல விடுதிகளில் மணி அடித்தே எழுப்புகிறார்கள். முந்தைய இரவு அந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தது என்று கேட்பவர்தான் குறைவு. டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதிவிட்டுப் பதினொன்றரைக்குப் படுக்கிற பிள்ளைக்கு நாலு மணி அலாரம் விட்டுவைப்பது நாலரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. அதில் பாதியைப் பறித்துக்கொண்டு, அதற்கு ஒழுக்கம் என்றும் உழைப்பு என்றும் பெயர் வைக்கிறோம். உடம்புக்குக் கேடு என்பது ஒருபுறம் இருக்கட்டும். எந்தப் படிப்புக்காக இதைச் செய்கிறோமோ, அந்தப் படிப்பையே இது கெடுக்கிறது.

படித்தது பதிவது புத்தகத்தை மூடிய பிறகும் தொடர்கிற வேலை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மாணவர்கள் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தார்கள். அதன் பின் விழித்திருந்தபோது மறந்ததைவிட, அதே அளவு நேரம் தூங்கியபோது அவர்கள் மறந்தது குறைவு. பின்வந்த ஆய்வுகள் காரணத்தையும் ஓரளவு காட்டியிருக்கின்றன. பகலில் கற்றதை மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி தற்காலிகமாகத் தாங்கிவைக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அந்தப் பதிவுகள் மறுபடி ஓடி, மூளையின் மேற்புறணியில் நிலைபெறுகின்றன. தூக்கம் இரவு முழுக்க ஒரே மாதிரி இருப்பதுமில்லை. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் மிகுதி; கனவுகள் நிறைந்த தூக்கம் விடிவதற்கு முந்தைய மணிகளில் நீள்கிறது. நாலு மணி அலாரம் வெட்டி எறிவது பெரும்பாலும் இந்தப் பின்பகுதியைத்தான். போதாததற்கு, தூங்காத மூளைக்குப் புதியதை வாங்கிக்கொள்ளும் திறனும் குறைகிறது. ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களிடம் ஹிப்போகேம்பஸின் செயல்பாடு மங்கியிருந்ததைத் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரின் குழு 2007இல் படம்பிடித்துக் காட்டியது.

இதெல்லாம் ஆய்வகச் சங்கதி, பரீட்சைக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். லாஸ் ஏஞ்சலஸில் 535 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 14 நாட்கள் தங்கள் படிப்பு நேரத்தையும் தூக்க நேரத்தையும் குறித்துவந்தார்கள். வழக்கத்தைவிடத் தூக்கத்தைக் குறைத்துக் கூடுதலாகப் படித்த நாளுக்கு மறுநாள், பாடம் புரியாமல் போவதும் தேர்வில் சொதப்புவதும் அதிகரித்தன. ஒவ்வொருவரையும் அவரவருடைய மற்ற நாட்களோடு ஒப்பிட்டுக் கண்ட முடிவு இது. ஆகவே மந்தமான மாணவர்களால் வந்த வித்தியாசம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

“நாலு நாள் போனால் பழகிவிடும்” என்பது அடுத்த வாதம். என் பார்வையில் மிக ஆபத்தானது இதுதான். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு வாரம் நாளுக்கு 6 மணி நேரமே தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் நிலைக்கு வந்து நின்றது. ஆனால் தூக்கம் வருவதாக அவர்கள் சொன்ன அளவு, சில நாட்களுக்குப் பின் பெரிதாகக் கூடவில்லை. பழகுவது களைப்பின் உணர்வு மட்டுமே; குறைபாடு உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. எழுப்பியதும் கையில் கொடுக்கிற காபியும் அதே வேலையைத்தான் செய்கிறது. விழித்திருக்கும்போது மூளையில் சேர்கிற அடினோசின்தான் தூக்கத்தைத் தூண்டுகிறது. காபி அதன் குரலை அடக்குகிறதே தவிர, சேர்ந்த கடனைத் தீர்ப்பதில்லை.

தாத்தா பாட்டி நாலு மணிக்கு எழுந்து நன்றாகத்தானே இருந்தார்கள் என்பார்கள். மின்விளக்கு எட்டாத ஊர்களில் எட்டு மணிக்கே படுத்தவர்களுக்கு நாலு மணி என்பது எட்டு மணி நேரத் தூக்கத்தின் முடிவு. பதின்வயதுப் பிள்ளையை எட்டு மணிக்குப் படு என்றாலும் தூக்கம் எளிதில் வராது. அந்த வயதில் உடற்கடிகாரம் தாமதமாகத் தள்ளிப்போவதை மேரி கார்ஸ்கேடன் போன்ற தூக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவியிருக்கிறார்கள். இரவில் கண் அயராததும் காலையில் எழ முடியாததும் சோம்பேறித்தனம் அல்ல, பருவத்தின் இயல்பு. முதல் மதிப்பெண் எடுத்தவர்கள் நாலு மணிக்கு எழுந்ததாகப் பேட்டி கொடுப்பதும் எதையும் நிரூபிக்காது. அதே நாலு மணிக்கு எழுந்து தோற்றவர்களிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

ஒரு வாதத்துக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். ஒற்றை அறை வீட்டில், டிவியும் தெருச்சத்தமும் அடங்கிய பிறகு கிடைக்கிற ஒரே அமைதி விடியற்காலைதான். அது உண்மையான கஷ்டம். அதற்கான விலையைப் பிள்ளையின் தூக்கத்திலிருந்து எடுப்பதுதான் அநியாயம். மாலை ஏழு முதல் ஒன்பது வரை டிவியை அணைப்பது வீட்டின் கையில் இருக்கிறது. இரவு டியூஷனை எட்டு மணிக்குள் முடிப்பதும், காலை ஸ்பெஷல் கிளாஸை நிறுத்துவதும் ஆசிரியர்கள் கையில் இருக்கின்றன. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7:50இலிருந்து 8:45க்கு மாற்றியது. அதன் விளைவை ஆராய்ந்தபோது, பிள்ளைகள் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியது தெரிந்தது. ஆய்வு நடந்த வகுப்புகளில் மதிப்பெண்ணும் உயர்ந்தது. நம் விடுதிகள் நாலு மணி மணியை ஆறு மணிக்குத் தள்ளிவைக்கப் பணமும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.