காற்றுக்கும் ஆற்றுக்கும் எல்லை ஏது?

மழை பொய்த்தால் அண்டை வீட்டார்மீது ஐயம் கொள்வது மனித இயல்பு. அந்த ஐயமே இரு மாநிலங்களின் அரசியலாகிவிடும்போது நாம் வாய்மூடி இருத்தல் தகாது.

முல்லைப் பெரியாற்றை எண்ணிப் பார்ப்போம். 1886ஆம் ஆண்டின் குத்தகைப்படி கிழக்கே திருப்பப்பட்ட அந்நீர், லோயர் கேம்பில் தமிழகத்திற்கு மின்சாரம் தந்தபின் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. இம்மின்னுரிமையை 1970ஆம் ஆண்டு உடன்படிக்கை உறுதி செய்தது. அதே நீரை மேற்கே விட்டால், அது இடுக்கி அணையில் சேர்ந்து 780 மெகாவாட் திறன் கொண்ட மூலமற்றம் நிலையத்தைச் சுழற்றும். 136 அடியா, 142 அடியா என்ற நெடிய வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதி செய்தது. அணையின் கீழ் வாழும் மக்களின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆயினும் ஒவ்வோர் அடி நீருக்குள்ளும் மின்சாரக் கணக்கும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையன்று.

பருவநிலை மாற்றமோ எல்லாக் கணக்கையும் குலைக்கிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துத் தமிழகம் வறண்டது. 2018இல் வெள்ளத்தில் மூழ்கிய கேரளம், 2023இல் தென்மேற்குப் பருவமழை 34 விழுக்காடு குறைந்து, மின்சாரத்திற்குத் தவித்தது. குறைந்துவரும் அப்பத்திற்காகச் சகோதரர் இருவர் அடித்துக்கொள்வதா அரசியல்?

1956 வரை கேரள மக்களோடு ஒரே மாநிலத்தில் வாழ்ந்த நமக்கு இந்த வலி தெரியும். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் 2004இல் நமக்கு நீர் நிறுத்தப்பட்டது. விளவங்கோட்டு வயல்கள் காய்ந்தன. ஆயினும் பழிக்குப் பழி தீர்வாகுமா?

தீர்வு நம் வாசலிலேயே உள்ளது. கோதையாற்று நீர் மின் நிலையங்களைச் சுழற்றிய பின்னரே பேச்சிப்பாறைக்கு வந்து நாஞ்சில் வயல்களை நனைக்கிறது. உழவும் மின்சாரமும் பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மேற்கே மழையைக் கொணரும் தென்மேற்குக் காற்றே ஆரல்வாய்மொழிக் கணவாயில் நம் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. காற்று மிகும் மாதங்களில் நாம் மின்சாரம் தந்தால், கேரளம் தன் அணைநீரைச் சேமிக்கலாம். காற்று அடங்கியபின் அந்நீர் மின்சாரமாகி நமக்குத் திரும்பலாம். இதற்குத் தடையாக நிற்பது மலையன்று, மனமே.

இரு அரசுகளிடமும் நாம் கேட்பது இதுதான்: முதலில் குடிநீர், அடுத்து உழவு, அதன்பின் மின் வருவாய். மேடையில் அண்டை மாநிலத்தாரைப் பழித்துக் கைதட்டல் பெறுவோருக்கு, அவர் எக்கட்சியினராயினும், நாம் கைதட்ட மறுப்போம்.

ஈசாக்கின் ஆள்கள் தோண்டிய இரு கிணறுகளுக்காக மேய்ப்பர்கள் சண்டையிட்டனர். சண்டையில்லாத மூன்றாம் கிணற்றுக்கு அவர் இட்ட பெயரின் பொருள், 'அகன்ற இடம்'. அந்த இடத்தை நம் நெஞ்சில் முதலில் தோண்டுவோம்.