கூப்பனும் அடுப்படிச் சிக்கனமும்

நெசவாளர் குடும்பமாயினும் விவசாயக் குடும்பமாயினும், கைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி மளிகைக் கடைக்கே போய்ச் சேருகிறது என்பது யாவரும் அறிந்ததே. ஒரு வேட்டியை இன்னும் ஆறு மாதம் உடுத்தலாம்; கூரையை அடுத்த கோடையில் மேய்ந்துகொள்ளலாம்; வயிற்றுக்கு மட்டும் தவணை சொல்ல இயலாது. நெசவாளிக்குப் பாவை அறுத்துச் சேலையை ஒப்படைத்த பிறகே கூலி. விவசாயிக்கு அறுவடை முடிந்து களத்தைவிட்டு மூட்டை கிளம்பிய பிறகே பணம். உப்பும் புளியும் மிளகாயுமோ நாள்தோறும் வேண்டியவை. வரவு விட்டு விட்டு வருகிறது. செலவு விடாமல் வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள பள்ளத்திலேதான் கடன் முளைக்கிறது. ஆகவே, மளிகைச் செலவில் மிச்சம் பிடிப்பதைப் பற்றி நாம் பேசும்போது, கடனின்றி வாழ்வதைப் பற்றியே பேசுகிறோம் என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

மிச்சம் பிடிக்க எளிய வழி கிடைத்துவிட்டது என்று இந்நாளில் பலர் மகிழ்கிறார்கள். அவ்வழிக்குக் கூப்பன் என்று பெயர். பெரிய கடைகள் அச்சிட்ட சீட்டாகத் தருகின்றன. கைப்பேசியில் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாக வருகிறது. பொட்டலத்தின் உள்ளேயும் இருக்கிறது. இது புதிதாகத் தோன்றியதன்று. அமெரிக்காவில் 1880களின் இறுதியிலேயே, ஒரு குவளை கோக்கா-கோலா இலவசமாகப் பருகலாம் என்று சீட்டு வழங்கினார்கள். அன்று இலவசமாகக் குடித்தவர் மறுநாள் காசு கொடுத்துக் குடிப்பார் என்பதே அச்சீட்டின் நோக்கம். இன்றைய கூப்பனின் நோக்கமும் அதுவே. வாங்க வந்தவரை மேலும் வாங்கச் செய்வதற்காகவே அது பிறந்தது. இதை வஞ்சகம் என்று நாம் சொல்லவில்லை, அது வியாபாரம். ஆனால், வியாபாரியின் நோக்கம் இன்னதென்று தெரிந்துகொண்டு கடைக்குள் நுழைபவர் ஏமாறுவதில்லை.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 1,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 100 ரூபாய் தள்ளுபடி என்கிறது கூப்பன். நம் வீட்டுக்கு அம்மாதம் தேவையானது 750 ரூபாய்ச் சாமான். தள்ளுபடியை விட மனமில்லாமல், பிஸ்கட்டும் சேமியாவும் வாசனைச் சோப்பும் கூடையில் ஏறுகின்றன. கணக்கு ஆயிரத்தைத் தொடுகிறது. 900 ரூபாய் கொடுத்துவிட்டு, நூறு ரூபாய் மிச்சமென்று களிப்புடன் வீடு திரும்புகிறோம். உண்மையில் நடந்தது என்ன? 750 ரூபாயோடு முடிய வேண்டிய செலவு 900 ஆயிற்று. நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக நூற்றைம்பது ரூபாய் கூடுதலாகச் செலவிட்டிருக்கிறோம்.

அப்படியாயின் கூப்பனே கூடாதா என்று கேட்கலாம். அது நம் கருத்தன்று. கூப்பனை ஆளத் தெரிய வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்கு முதல் விதி, தேவைப் பட்டியலை அடுப்படியில் உட்கார்ந்து எழுதுவது. கூப்பனைப் பிறகு பார்ப்பது. பட்டியலில் ஏற்கெனவே உள்ள பொருளுக்குத் தள்ளுபடி கிடைத்தால் அது லாபம். தள்ளுபடிக்காகப் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்த்தால் அது நஷ்டம். இரண்டாவது, ஒருவர் தொகை எட்டவில்லையென்றால் இரு குடும்பங்கள் சேர்ந்து வாங்குவது. ஒரு வீட்டின் தேவை 750 ரூபாய், அடுத்த வீட்டின் தேவை 500 ரூபாய் எனில், இரண்டும் சேர்ந்து 1,250 ஆகிறது. நூறு ரூபாய் தள்ளுபடியில் முதல் வீட்டுக்கு 60 ரூபாயும், இரண்டாம் வீட்டுக்கு 40 ரூபாயும், வாங்கிய அளவுக்கேற்பச் சேரும். வேண்டாத பொருள் ஒன்றும் வீட்டுக்குள் நுழைந்திராது. இருவர் சேர்ந்தால் இவ்வளவு ஆகுமெனில், ஒரு தெருவே சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது விதி நிறையைப் பார்ப்பது. பத்து ரூபாய்ப் பொட்டலம் என்றும் பத்து ரூபாய்ப் பொட்டலமாகவே இருக்கிறது. உள்ளே இருக்கும் சரக்குத்தான் ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. சிறு பொட்டலத்தையும் பெரிய பொட்டலத்தையும் ஒப்பிட, ஒரு கிராமுக்கு இன்ன விலை என்று உறையிலேயே அச்சிடும் முறை இப்பொழுது வந்திருக்கிறது. பொடியெழுத்தாயிருப்பினும் அதைப் படிப்பது நன்று. கண் மங்கிய பெரியவர்கள் கடைக்குச் செல்லும்போது, பள்ளியிற் படிக்கும் பிள்ளையை உடன் அழைத்துச் சென்றால், அப்பிள்ளைக்கும் அது நல்ல கணக்குப் பாடமாகும்.

தள்ளுபடி என்பதன் உட்பொருளைப் பிறர் அறியாதிருக்கலாம். நெசவாளர் நன்கு அறிவர். பண்டிகைக் காலத்தில் கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி தரும்போது, அப்பணம் எங்கிருந்தேனும் வந்தாக வேண்டும். அரசு மானியமாகத் தந்தால் சரி. தராவிட்டால் சங்கத்தின் கையிருப்பு கரைகிறது. கையிருப்பும் இல்லையென்றால் அந்தச் சுமை கடைசியில் தறிக் கூலியின்மேல் வந்து விழுகிறது. யாரோ ஒருவர் கொடுக்காமல் எத்தள்ளுபடியும் பிறப்பதில்லை. கடலை எண்ணெய்க்கும் துவரம்பருப்புக்கும் கூப்பன் கிடைக்கும்போதும், இதற்குப் பணம் கொடுப்பவர் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். கூப்பன் இல்லாத ஏழை வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுத்திருக்கலாம். கடலையும் துவரையும் விளைவித்தவர் குறைந்த விலைக்கு விற்றிருக்கலாம். நம் விவசாய அங்கத்தினர் களத்தில் மலிவாக விற்ற கடலையை, எண்ணெயாகவும் பொட்டலமாகவும் திரும்ப விலைக்கு வாங்கி, அதில் ஐந்து ரூபாய் தள்ளுபடி கண்டு மகிழ்வது எவ்வகையிலும் சிறப்பாகாது.

இனி அடுப்படிக்கு வருவோம். எந்தக் கூப்பனும் தராத மிச்சத்தை அடுப்பு தருகிறது என்பது நம் துணிபு. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அட்டைக்கு மாதம் ஒன்றாகத் தரப்படுகின்றன. அக்கடைகளிற் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே. இவற்றைக்கொண்டு ஒரு வேளை உணவுக்குக் கணக்கிடுவோம்.

கொங்கு நாட்டு வீடுகளில் அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் ஆக்கும் சாதம் ஒன்றுண்டு. ஐந்து பேருக்கு அரைக் கிலோ அரிசியும் 100 கிராம் துவரம்பருப்பும் போதும். இரண்டையும் கழுவி அரைமணி நேரம் ஊற வைக்க வேண்டும். குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், தட்டிய மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி, மஞ்சள் ஆகியவற்றை வதக்கி, அரிசியையும் பருப்பையும் இட்டு, மூன்று பங்கு தண்ணீரும் உப்பும் சேர்த்து மூடிவிட்டால் மூன்று விசிலில் முடிந்துவிடும். குழம்பு தனியே வேண்டியதில்லை. மோரும் ஊறுகாயும் போதும். நியாயவிலைக் கடைச் சரக்கெனில் இதிலுள்ள பருப்பின் விலை மூன்று ரூபாய். எண்ணெய் ஒரு ரூபாய்க்குள். வெங்காயம், தக்காளி முதலியவற்றையும் அடுப்பெரிக்கும் செலவையும் அன்றைய விலைப்படி சேர்த்துக்கொண்டாலும், உணவுக் கடையில் ஒருவர் உண்ணும் சாப்பாட்டின் விலைக்குள் ஒரு குடும்பம் பசியாறிவிடும்.

நாளெல்லாம் தறியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வயலில் குனிந்து நிமிர்பவர்களுக்கும் சமைக்க நேரமேது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. கணவன் நெய்ய, மனைவி தார் சுற்ற, அவளே அடுப்பையும் பார்க்க வேண்டியிருப்பதை நாம் மறக்கவில்லை. அதனாலேதான் ஒரே பாத்திரச் சமையலை முதலிற் சொன்னோம். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் இரண்டு தார் சுற்றிவிடலாம். அன்றியும், வெங்காயம் உரிப்பதும் பருப்புக் கழுவுவதும் பெண்களுக்கே உரிய வேலை என்று எந்தச் சங்க விதியிலும் எழுதப்படவில்லை. தறிக்குழியிலிருந்து சற்று எழுந்து நடமாடுவது ஆடவர் கால்களுக்கும் நல்லது.

முதல்நாள் இரவு ஊறவைத்த கொள்ளை மறுநாள் வேகவைத்தால், வடித்த நீர் ரசமாகிறது. வெந்த கொள்ளு கடைசலாகிறது. ஓர் அடுப்பெரிப்பில் இரண்டு பண்டம். கொள்ளின் புரதச் சத்து 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம். துவரம்பருப்புக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டமும் தொடங்கப்பட்டது. நம் பாட்டிமார் கிண்டிய களியின் பெருமையை நாம் வெளியூராரிடமிருந்து கேட்டறிய வேண்டியதாயிற்று. கொல்லையில் ஒரு முருங்கை மரம் இருந்தால் கீரைக்குக் காசில்லை. மல்லியும் மிளகாயும் வெயிலில் காய்ந்து, ஆலையில் அரைபட்டு வந்தால் பல வாரங்களுக்குப் பொட்டலப் பொடி வேண்டாம். இவற்றுக்கெல்லாம் எந்தக் கடையும் கூப்பன் அச்சிடப் போவதில்லை.

ஆயினும், வீட்டுச் சிக்கனம் மட்டும் முழு விடையாகாது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. திறந்தவர்கள் 28 பேர். அவர்களிற் பலர் நெசவாளர். கூலி போதாமலும், கலப்படச் சரக்கை அதிக விலைக்குக் கடனில் வாங்கியும் நொந்தவர்கள். தலைக்கு ஒரு பவுன் சேர்த்து, மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் எனச் சில பண்டங்களோடு தொடங்கினார்கள். கலப்படமற்ற சரக்கு, சரியான நிறை, ரொக்க விற்பனை என்பன அவர்கள் கொள்கை. லாபத்தை, ஒவ்வொருவரும் வாங்கிய அளவுக்கேற்பத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் நாட்டிலும் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இவ்வழியில் தோன்றிப் பெயர் பெற்றது.

வாங்கியதற்கேற்பத் திரும்பிவரும் இந்த லாபப் பங்கே நமக்கேற்ற கூப்பன் என்போம். இது வேண்டாததை வாங்கச் சொல்வதில்லை; காலாவதியாவதில்லை; நம் பணத்தையே நமக்குத் திருப்பித் தருகிறது.

ஆனால், நம் பண்டகசாலைகளின் நிலை என்ன? அங்கத்தினர் வேலை முடிந்து வரும் மாலை வேளையில் பல இடங்களிற் கதவு சாத்தியிருக்கிறது. பருப்பு இருந்தால் புளி இல்லை. புளி இருந்தால் சில்லறை இல்லை. இவ்வாறிருக்க, அங்கத்தினர் வேறு கடைக்குப் போகிறார் என்று குறைப்பட்டுப் பயனில்லை. நிர்வாகக் குழுக்களுக்கு மூன்று யோசனைகளைக் கூற விரும்புகிறோம். ஒன்று, கூலி பட்டுவாடா ஆகும் நாள்களிலேனும் இரவு எட்டு மணி வரை கடையைத் திறந்து வையுங்கள். இரண்டு, ஒவ்வோர் அங்கத்தினர் வாங்கும் தொகையையும் அவர் பெயரில் பதிந்து, துணைவிதி இடந்தரும் அளவுக்கு, லாபப் பங்கைத் தீபாவளிக்கு முன் கையிற் கொடுங்கள். மூன்று, விவசாயச் சங்கத்தின் கொள்ளும் துவரையும் கடலையும் நெசவாளர் சங்கப் பண்டகசாலைக்கு நேரே வரட்டும். நெசவாளரின் வேட்டியும் சேலையும் விவசாயச் சங்கத்துக்கு நேரே போகட்டும். இடையில் நிற்கும் கைகள் குறைந்தால் இரு பக்கமும் மிஞ்சும். இவ்விதழைப் படிக்கும் இரு சாராரும் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளராவதைவிட இயல்பானது வேறு யாது?

அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. கடை நம்முடையது என்று கூறிக்கொண்டே சரக்கை அயலாரிடம் வாங்கினால், கடை நம்முடையதாக நெடுநாள் இராது. அடுத்த மாதப் பட்டியலை இன்றே அடுப்படியில் உட்கார்ந்து எழுதுங்கள். அதை முதலிற் பண்டகசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். கிடைக்காதவற்றை ஒரு தாளில் குறித்து நிர்வாகக் குழுவிடம் கொடுங்கள். மறு கூட்டத்தில் அதற்கு விடை கேளுங்கள். எஞ்சிய சில பொருள்களுக்குக் கூப்பன் இருந்தால், அதையும் தயங்காமற் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று நம் முன்னோர் கூறிச் சென்றனர். தனித்தனியே சிறுகக் கட்டுவோர் பிழைத்திருப்பர். சேர்ந்து கட்டுவோர் பெருகுவர் என்பது நம் உறுதியான நம்பிக்கை.