"அரசியல் சாக்கடை" என்று சொல்லும் தம்பிமாருக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

கொழும்பில் நல்ல கம்பனியில் வேலை செய்யும் நம்ம ஊர்த் தம்பி ஒருவர், பெருநாள் லீவுக்கு வந்தபோது பேஸ்புக்கில் மூன்று கருத்து எழுதியிருந்தார். ஒன்று, அரசியல் சாக்கடை, அதனால் அவர் வாக்குப் போடவே போகவில்லை. இரண்டு, பிரதேச சபை என்றால் குப்பையும் பல்பும்தான், அதற்கு யார் வந்தால் என்ன. மூன்று, புத்தகம் வாசிக்கிற காலம் போய்விட்டது, ஊர் நூலகத்தை மூடிவிட்டு அந்த இடத்தில் ஜிம் ஒன்று போடலாம்.

தம்பி மரியாதை தெரிந்த பிள்ளை. அவர் பெயரை எழுத மாட்டேன். நீங்களும் தேடிப்போய் கரைச்சல் கொடுக்க வேண்டாம். ஆனால் பதில் சொல்லாமல் விடவும் முடியாது. இதே மூன்றையும் பத்தாம் தரப் பிள்ளைகள் வகுப்பில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் அரச ஊழியர், கட்சி கதைக்க வரவில்லை. ஊர்க் கதை மட்டும்தான்.

முதலாவது, சாக்கடை.

தம்பி கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. காலையில் ஒரு கட்சி, மாலையில் இன்னொரு கட்சி என்று மாறிய ஆக்களை நாமும் பார்த்திருக்கிறோம். தேர்தல் வந்தால் மட்டும் வீட்டு வாசலுக்கு வருகிறவர்களையும் தெரியும். ஆனால் சாக்கடை நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினால் அது சுத்தமாகிவிடுமா? நல்லவர்கள் விட்டுப்போன இடத்தை மற்றவர்கள் நிரப்புகிறார்கள். அவ்வளவுதான் நடக்கிறது.

ஒன்றை மறந்துவிட்டோம். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2023 மார்ச் 9 அன்று நடக்க வேண்டிய தேர்தல், காசு இல்லை என்று சொல்லித் தள்ளிப்போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6 அன்றுதான் வாக்களித்தோம். இரண்டு வருடத்துக்கு மேல் நாட்டின் அநேகமான சபைகளில் மக்கள் தெரிவுசெய்த ஒரு ஆள் கூட இல்லை. செயலாளர்மாரும் ஆணையாளர்மாரும்தான் நடத்தினார்கள்.

அந்த இரண்டு வருடமும் நம்ம ஊரில் யாராவது "எங்கட சபை எங்கே?" என்று கேட்டோமா? வழக்குப் போட்டது வேறு யாரோ. நாம் பிறைக் கதையிலும் கிரிக்கெட்டிலும் இருந்தோம். கேட்காமல் இருந்து பழகினால், அடுத்த முறையும் தள்ளிப்போடுவது லேசு.

இரண்டாவது, குப்பையும் பல்பும்.

தம்பி, உங்கட வாப்பா போன வருடம் வீட்டுக்கு மேல்மாடி கட்டினாரே, அந்த வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தது யார்? சந்தைக் கடைகளின் வாடகையைத் தீர்மானிப்பது யார்? மாட்டிறைச்சிக் கடையைக் குத்தகைக்குக் கொடுப்பதும், இறைச்சி சுத்தமா என்று பார்க்க வேண்டியதும் யார்? உள்வீதி, வடிகான், ஆயுர்வேத மருந்தகம், சிறுவர் பூங்கா, பொது நூலகம், சோலை வரி எல்லாவற்றிலும் கையொப்பம் வைப்பது அந்தச் சபைதான். பாராளுமன்றத்தில் நடக்கிறதை டிவியில் பார்க்கிறோம். சபையில் நடக்கிறதில் வீட்டு வாசலில் வெள்ளம் நிற்கிறது. எது கிட்ட இருக்கிறது?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தில் ஒரு நல்ல விசயம் இருக்கிறது. உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக் குழுக்கள் அமைக்கலாம். நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பம், சுற்றாடல் என்று அந்தக் குழுக்கள் சபைக்கு ஆலோசனை சொல்லலாம். ஊரில் பொறியியலாளர் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார், ஓய்வுபெற்ற அதிபர்மார் இருக்கிறார்கள். இப்படி ஒரு குழுவுக்கு ஆள் கேட்டு பள்ளியில் அறிவித்தல் வந்ததாக யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அவர்களும் அழைக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. எந்த வீதிக்கு எவ்வளவு செலவு, டென்டர் யாருக்கு, நூலகத்துக்குப் புத்தகம் வாங்க இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரியாத ஆள் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்ள வேண்டியது அவருடைய கடமை. இவ்வளவு உரிமையையும் வைத்துக்கொண்டு நாம் செய்வது என்ன? வட்ஸ்அப் குரூப்பில் "ஊழல்" என்று வொய்ஸ் போடுகிறோம். வொய்ஸுக்கு யாரும் பதில் தரத் தேவையில்லை. கடிதத்துக்குத் தர வேண்டும்.

மூன்றாவது, வாசிப்பு. எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

ஊரில் படிப்புக்குக் குறைவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு மூன்றாம் தரத்திலேயே டியூசன். மாதிரி வினாத்தாள் கட்டுக் கட்டாக. ஆனால் வினாத்தாளில் இல்லாத இரண்டு பக்கத்தைக் கொடுத்து, வாசித்து விளங்கியதைச் சொல் என்றால் பிள்ளை முழிக்கிறது. பிள்ளையில் பிழை இல்லை. வீட்டில் பாடப்புத்தகம் தவிர ஒரு புத்தகம் இல்லை.

இதற்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு உறுப்பினரின் ஆளிடம் ஓடுகிறோம். சிங்களத்தில் இருந்தால் மட்டும் இல்லை, தமிழில் இருந்தாலும் ஓடுகிறோம். மூன்று பக்கம் வாசித்து விளங்க முடியாத ஆள் எப்போதும் இன்னொருவரின் தயவில்தான் இருப்பார். நம்மை வாசிக்காமல் வைத்திருப்பது யாருக்கு இலாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

2018இல் அம்பாறையில் என்ன நடந்தது? சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை போடுகிறார்கள் என்று ஒரு கதை பரவி, நம்மவர்களின் கடையையும் பள்ளியையும் உடைத்தார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று வந்தது. ஒருவரும் விசாரித்துப் பார்க்காமல் நம்பினார்கள் என்று அன்றைக்குக் கொதித்தோம். இன்றைக்கு நம்ம குரூப்புகளில் மற்றவர்களைப் பற்றி வருகிற வீடியோவை எத்தனை பேர் விசாரித்துவிட்டுப் பகிர்கிறோம்?

நம்ம சமூகத்தில் வாசிப்பும் பொதுவாழ்வும் ஒன்றாகத்தான் தொடங்கின. சித்திலெப்பை 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் "அசன்பே சரித்திரம்" என்ற நாவலை எழுதினார். பாடசாலைக்காக ஊர் ஊராகப் பேசித் திரிந்தார். அவர் ஒரு சட்டத்தரணி, தன் தொழிலை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வஹியின் முதல் சொல்லே வாசிப்பைப் பற்றியது என்று ஒவ்வொரு வருடமும் பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம். ஆனால் நூலக அங்கத்துவ அட்டை நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஜிம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜிம்மும் வேண்டும். நூலகத்தை மூடித்தான் வேண்டும் என்றால் வேண்டாம். நூலகத்துக்கு யாரும் போவதில்லை என்று தம்பி எழுதியிருந்தார். எப்படிப் போவது? அது ஐந்து மணிக்குப் பூட்டுப்படுகிறது. பிள்ளைகள் டியூசன் விட்டு வருவதும், வேலைக்குப் போகிறவர்கள் வீடு வருவதும் அதற்குப் பிறகு. பெண் பிள்ளைகள் இருந்து வாசிக்க வசதியான இடமும் இல்லை. புதுப் புத்தகமும் அரிது. கடையைப் பூட்டி வைத்துவிட்டு வியாபாரம் இல்லை என்று சொல்வது போல இருக்கிறது இது.

ஆகவே மூன்று வேலை சொல்கிறேன்.

ஒன்று: அடுத்த வருடத்துக்கான பாதீடு வருட முடிவுக்குள் சபைக்கு வரும். அதற்கு முன், நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறக்கவும் புத்தகம் வாங்க நிதி ஒதுக்கவும் கேட்டு ஒரு கடிதம் எழுதுவோம். எல்லா வட்டாரத்திலும் கையொப்பம் எடுப்போம். எந்தக் கட்சி உறுப்பினர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் பிரதி கொடுப்போம்.

இரண்டு: கடந்த மூன்று வருடத்தில் நூலகத்துக்குச் செலவழித்த தொகையை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நூலகத்துக்கு வாருங்கள், பழக்கித் தருகிறேன். சகோதரிகளும் வாருங்கள்.

மூன்று: இந்த வாரமே உங்கள் பிள்ளையை அங்கத்தவராகச் சேருங்கள். யாரும் வராத நூலகத்துக்காகச் சபையில் வாதாட முடியாது.

தம்பி, நீங்களும் வாருங்கள். எக்செல் தெரிந்த ஆள் நீங்கள். பாதீட்டைக் கையில் தந்தால், எந்த வரியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று எங்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பீர்கள். சாக்கடை என்று சொன்னீர்கள். துப்புரவாக்க ஆள் தேவைப்படுகிறது.

வஸ்ஸலாம்.