உருவமும் நம் பார்வையும்

கலித்தொகையின் 94-ஆம் பாடலில் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் உரையாடுகின்றனர். முதலில் ஒருவர் உருவத்தை மற்றவர் எள்ளுகின்றனர். பின்னர் மனம் ஒன்றுபடுகின்றனர். அவ்வேளையில் கூனி வேண்டுவது ஒன்றே. அரண்மனையில் உள்ளோர் தம்மைக் கண்டு நகைத்தல் ஆகாது. ஆதலின் வேறிடமாகிய சோலைக்குச் செல்வோம் என்கிறாள். பிறர் பார்வையிலிருந்து விலகினால்தான் இயல்பாக வாழ இயலும் என்னும் நிலை எத்துணைப் பழமையானது என்பதை இப்பாடல் உணர்த்துகிறது.

இன்று அந்தப் பார்வையை வீட்டிற்குள்ளேயே அழைத்துக்கொண்ட குடும்பங்களையும் உலகம் கண்டுள்ளது. 2006-இல் டி.எல்.சி. என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி, ‘லிட்டில் பீப்பிள், பிக் வேர்ல்ட்’ என்னும் தொடரைத் தொடங்கியது. ஓரிகன் மாநிலத்துப் பண்ணை ஒன்றில் வாழ்ந்த ரோலோஃப் குடும்பமே அதன் பொருள். பெற்றோர் இருவரும் உயரம் குன்றியவர்கள். நான்கு பிள்ளைகளுள் ஒருவர் மட்டுமே அவ்வாறு பிறந்தவர். அவர்கள் உழைத்தனர், சமைத்தனர், சண்டையிட்டனர், பிள்ளைகளைக் கடிந்துகொண்டனர். கோமாளியாக மட்டுமே காட்டப்பட்டு வந்தோரைத் தாயாகவும் தந்தையாகவும் காட்டியது அத்தொடரின் நற்பயன் என்பதை நாம் மறுக்கவில்லை.

எனினும், காட்சிக்கு ஒரு விலை உண்டு. விருப்பத்தை உணர்ந்து சொல்லும் பருவம் எய்தாத பிள்ளைகளும் அக்கருவியின் முன்னரே வளர்ந்தனர். 2016-இல் பெற்றோர் மணமுறிவு பெற்றபோது அத்துயரும் தொடரின் பகுதியாயிற்று. நகைப்பு நின்று வியப்பு வந்தது. ஆனால் வேடிக்கை பார்த்தல் நின்றதா?

நம் நாட்டு நிலையை எண்ணுவோம். 1989-இல் வெளிவந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ திரைப்படத்தில் அப்பு என்னும் சர்க்கஸ் கோமாளியின் காதல் ஏமாற்றம் கண்டு கலங்காதார் இலர். அவ்வேடம் புனைந்தவர் இயல்பான உயரமுடைய கமல்ஹாசன். அன்று திரையரங்கில் கண்ணீர் வடித்தோரே தெருவில் உயரம் குன்றிய ஒருவரைக் கண்டதும் அப்பெயரிட்டு அழைத்ததையும் நாம் கேட்டதுண்டு. இரக்கம் திரையோடு நின்றுவிட்டால் அது எவருக்குப் பயன்?

இக்குறைபாடு எவர் பாவத்தினாலும் விளைவதன்று. இதன் மிகப் பரவலான வகையாகிய அகாண்ட்ரோபிளாசியாவிற்கு ஒரு மரபணு மாற்றமே காரணம் என்பது 1994-இல் கண்டறியப்பட்டது. அவ்வகையில் பிறக்கும் குழந்தைகளுள் ஐவருள் நால்வர், இயல்பான உயரமுடைய பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆகவே இது எந்த வீட்டிலும் நிகழக்கூடியது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக இதனை ஏற்றது. வளர்ந்தவரின் உயரம் 147 செ.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருத்தலை வரையறையாக வைத்தது. சட்டம் வந்த பின்னரும், மருத்துவக் கல்வியில் இடம்பெற குஜராத்தைச் சேர்ந்த கணேஷ் பாரையா உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. 2018-இல் நீதி கிடைத்தது; 2019-இல் பாவ்நகர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்துப் போட்டியில் வெண்கலம் வென்ற நித்யஸ்ரீ சிவன் நம் ஓசூரைச் சேர்ந்தவர். வாய்ப்பு இருந்த இடத்தில் திறமை தானே வெளிப்பட்டது.

வடசென்னையில் வாழும் நாம் செய்ய வேண்டுவது யாது? 2021-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் நீண்டது. அங்கே மின்தூக்கி உண்டு, பெட்டியும் நடைமேடையும் சமமாக உள்ளன. ஆனால் எண்ணூர் செல்லும் புறநகர் இரயிலின் படியையும் பழைய பேருந்தின் முதற்படியையும் எண்ணிப் பாருங்கள். கால் எட்டாத படி, கை எட்டாத வங்கி முகப்பு, முகம் தெரியாத நியாயவிலைக் கடைப் பலகை ஆகியவையே அவர்களை நாள்தோறும் குறுக்குகின்றன; உடல் அன்று.

கல்லூரிகளும் தம்மை வினவிக்கொள்ளுதல் நலம். ஆய்வுக்கூட மேசை எத்துணை உயரம்? நூலகத்தின் மேலடுக்கு நூலை எடுத்துத் தர ஏணியோ பணியாளரோ உண்டா? கால் தொங்காமல் அமர ஓர் இருக்கை உண்டா? ஒரு மாணவரேனும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அம்மாணவர் வரவே மாட்டார்.

சொல்லிலும் கவனம் வேண்டும். குறள் என்னும் சொல் தமிழில் உயரம் குன்றியவரையும் குறிக்கும். ஈரடி வெண்பாவையும் குறிக்கும். அதன் சிறுமையைக் கண்டு எவரும் வள்ளுவத்தை அளந்ததில்லை. அவ்வள்ளுவரே 667-ஆம் குறளில் உருவம் கண்டு இகழாதீர் என அறிவுறுத்தி, பெருந்தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியை உவமை காட்டினார். பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் வழக்கத்தை மாணவர்கள் இன்றே கைவிடுதல் வேண்டும்.

கூனியும் குறளனும் சோலையைத் தேடிச் சென்றது அரண்மனை அவர்களுக்கு இடம் தராமையால். அவர்கள் ஒளியவும் வேண்டா. காட்சிப் பொருளாகவும் வேண்டா. நம்மோடு ஒரே வகுப்பில், ஒரே பேருந்தில், ஒரே பணியிடத்தில் இயல்பாக அமர வேண்டும். அதற்குரிய இருக்கையை அமைத்துத் தருவது நம் கடமை.