மின்சார கார் வாங்கினேன். அரசு எனக்கு விட்டுக்கொடுத்தது 4,40,000 ரூபாய்!

1/
இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி இல்ல. மின்சார காருக்கு அரசு தர்ற சலுகைகள் பத்தி. "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேட்பீங்க. இந்தக் கேள்வியை எனக்குள்ள கிளப்பிவிட்டதே என் ஓபிக்கு வர்ற ஒரு நோயாளிதான். நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

2/
அவர் ஆட்டோ ஓட்டுறவர். வயசு 54. பீடி, சிகரெட் தொட்டதே இல்ல. ஆனா முப்பது வருஷமா பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னாடி நின்னு புகை குடிச்சவர். இப்போ சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய். மாசாமாசம் இன்ஹேலருக்கு வருவார். போன முறை வந்தப்போ வாசல்ல நின்ன என் பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்துட்டுக் கேட்டார்: "கரண்ட் காரா சார்? கவர்மென்ட்டு எவ்வளவு குடுத்துச்சு?"

3/
"கையில ஒண்ணும் குடுக்கலண்ணே, ரோடு டாக்ஸ் மட்டும் கிடையாது"ன்னேன். "அது எவ்வளவு சார் வரும்?"

கணக்குப் போட்டேன். 2024-ல் வாங்கினேன், விலை 22 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு ஆயுள்கால சாலை வரி 20%. பெட்ரோல் காராக இருந்திருந்தால் 4,40,000 ரூபாய் கட்டியிருக்கணும். மின்சார கார் என்பதால் பூஜ்யம். அவர்கிட்ட அந்தத் தொகையைச் சொல்றதுக்கே எனக்குக் கூச்சமா இருந்துச்சு.

4/
அவர் கோபப்படல. "நானும் கரண்ட் ஆட்டோ வாங்கலாம்னு பேங்க்ல கேட்டேன் சார். வருமானச் சான்று, ஜாமீன்னு இழுத்துட்டு கடைசியில முடியாதுன்னுட்டாங்க. ஃபைனான்ஸ்ல வட்டி கட்டுப்படியாகாது"ன்னு சொல்லிட்டு, இன்ஹேலர் சீட்டை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டுப் போயிட்டார்.

யாருக்குச் சலுகை போகணுமோ அவருக்குப் போகல. எனக்கு வந்துச்சு. அதனாலதான் இந்தப் பதிவு.

5/
முதல்ல ஒரு தவறான நம்பிக்கையைச் சரி செஞ்சிடுறேன். "சொந்த உபயோகத்துக்கு மின்சார கார் வாங்கினா மத்திய அரசு மானியம் தரும்"னு வாட்ஸ்அப்ல சுத்துது. உண்மை இல்ல.

2019 முதல் 2024 மார்ச் வரை ஓடிய ஃபேம்-2 திட்டத்தில் ஸ்கூட்டர், ஆட்டோ, பேருந்துக்கு மானியம் இருந்தது. கார் என்றால் டாக்ஸி போன்ற வணிகப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். வீட்டுக் காருக்குக் கிடையாது.

6/
அதுக்கப்புறம் 2024 அக்டோபரில் வந்தது பிஎம் இ-டிரைவ். மொத்த ஒதுக்கீடு 10,900 கோடி. இதில் கார் என்ற பேச்சே இல்ல. 14,028 மின்சாரப் பேருந்துகளுக்கு 4,391 கோடி, சார்ஜிங் நிலையங்களுக்கு 2,000 கோடி, மின்சார லாரிகளுக்கு 500 கோடி, மின்சார ஆம்புலன்ஸுக்கு 500 கோடி.

ஒரு டாக்டரா சொல்றேன், யாருக்கு முதல்ல தரணும் என்ற வரிசை இதில் பெருமளவு சரியா இருக்கு.

7/
அப்போ கார்காரருக்குச் சலுகை எந்த வழியா வருது? வரி வழியா. மூணு கதவு இருக்கு.

முதல் கதவு ஜிஎஸ்டி. 2019 ஆகஸ்டில் மின்சார வாகனங்களுக்கு 12%-லிருந்து 5% ஆனது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாத்தி அமைச்சப்பவும் அந்த 5% அப்படியே நின்னுச்சு. சின்ன பெட்ரோல் காருக்கும் சாதாரண பெட்ரோல் பைக்குக்கும் 18%. ஆனா 80 லட்ச ரூபாய் மின்சார காருக்கும் அதே 5%தான்.

8/
ரெண்டாவது கதவு வருமான வரி. பிரிவு 80 இஇபி. மின்சார வாகனக் கடனுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழிச்சுக்கலாம். ஆனா 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும். பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு மட்டும். இப்போ புதுசா கடன் வாங்குறவங்களுக்கு இது இல்ல. ஷோரூமில் யாராவது "இருக்கு சார்"னு சொன்னா உங்க ஆடிட்டரைக் கேளுங்க.

9/
இந்தப் பிரிவு யாருக்கு உதவிச்சுன்னு பாருங்க. 30% வரி கட்டுற என் நண்பர் பெரிய கார், பெரிய கடன், வட்டி 1,50,000. அவருக்கு மிச்சம் செஸ்ஸோடு சேர்த்து ஆண்டுக்கு 46,800 ரூபாய். 20% வரி கட்டுற ஒருத்தர் 1 லட்சம் கடனில் ஸ்கூட்டர் வாங்கி 10,000 வட்டி கட்டினா மிச்சம் 2,080 ரூபாய். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத ஆட்டோக்காரருக்கு? ஒண்ணும் இல்ல.

10/
மூணாவது கதவு சாலை வரி. இது மாநில அரசு. நம்ம ஊர்ல 2019-லும் 2023-லும் மின்சார வாகனக் கொள்கை வெளியாச்சு. 100% சாலை வரி விலக்கு. நல்ல விஷயம். ஆனா உச்சவரம்பு இல்ல.

1,20,000 ரூபாய் ஸ்கூட்டருக்கு 12% கணக்கில் மிச்சம் 14,400. 22 லட்ச ரூபாய் காருக்கு 4,40,000. 80 லட்ச ரூபாய் காருக்கு 16 லட்சம். அந்த 16 லட்சத்துக்கு எத்தனை மின்சார ஆட்டோ வரும்னு நீங்களே யோசிங்க.

11/
மூணு கதவுக்கும் ஒரே குணம்தான். எல்லாமே சதவீதத்தில் இருக்கு. பில் பெருசானா சலுகை பெருசு. இதே காலத்தில் பிஎம் இ-டிரைவில் ஸ்கூட்டருக்கான மானியம் அதிகபட்சம் 10,000-மா இருந்தது 2025 ஏப்ரலில் 5,000-மா பாதியாச்சு. ஒண்ணு மத்திய அரசு, இன்னொண்ணு மாநில அரசுன்னு சொல்லலாம். ஆனா வாங்குறவர் ஒரே ஜனம்தானே?

12/
"அப்போ மின்சார காரே வேண்டாம்னு சொல்றீங்களா டாக்டர்?" இல்லவே இல்ல. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லயே உறுதியா வகைப்படுத்திடுச்சு. பிஎம் 2.5 என்கிற நுண்துகள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும், அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். மூச்சுத்திணறல் மட்டும் இல்ல, மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் அதுக்குப் பங்கு இருக்கு. ஆண்டு சராசரி 5 மைக்ரோகிராமுக்குள் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம நாட்டு வரம்பு 40.

13/
அதே சமயம் மின்சார கார் வந்தா எல்லாம் தீர்ந்துடும்னும் நினைக்காதீங்க. புகைக்குழாய் கிடையாது, ஆனா டயர் தேயும் தூசி உண்டு. சார்ஜ் போடுற கரண்ட் எங்கிருந்து வருது? நம்ம நாட்டில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து. அண்ணா சாலையில் நான் விடாத புகையில் ஒரு பங்கு எண்ணூர் மாதிரி ஒரு அனல்மின் நிலையத்தில் வெளியேறுது. அங்கேயும் நம்ம மக்கள்தான் மூச்சு விடுறாங்க. சூரிய ஒளி, காற்றாலை கூடக்கூட இந்தக் கணக்கு மாறும். நம்ம மாநிலத்தில் காற்றாலைக்குக் குறைவில்லைங்கிறது ஒரு நம்பிக்கை.

14/
எந்த வண்டி மின்சாரத்துக்கு மாறினா நுரையீரலுக்கு அதிக லாபம்? அதிக கிலோமீட்டர் ஓடுற வண்டி. என் கார் வீடு, ஆஸ்பத்திரி, வீடுன்னு ஓடிட்டு மீதி நேரம் நிழல்ல நிக்குது. ஆட்டோ காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுது. நகரப் பேருந்து விடியற்காலையில் ஆரம்பிச்சா நிறுத்தமே இல்ல. அதுவும் பள்ளிக்கூட வாசல், மார்க்கெட், ஆஸ்பத்திரின்னு ஜனம் நிக்கிற இடத்துல போய் நிக்குது.

2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பினப்போ உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். நிறுத்தத்தில் நிக்கிற குழந்தையின் முகத்துக்கு நேரா புகை அடிக்காது. அதுதான் சிகிச்சை.

15/
எதிர்வாதத்தையும் நேர்மையா பார்ப்போம். "பணக்காரர் முதல்ல வாங்கினாதான் உற்பத்தி கூடும், விலை குறையும், அப்புறம் எல்லாருக்கும் கிடைக்கும்." இதில் நியாயம் இருக்கு. செல்போன் அப்படித்தான் வந்துச்சு. ஆனா 80 லட்ச ரூபாய் கார் வாங்குறவர் 16 லட்சம் வரி விலக்கு இல்லேன்னா வாங்காமலா போயிடுவார்? நானே யோசிச்சுப் பார்த்தேன். பாதி வரி கட்டச் சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன். அப்போ அந்த மீதிப் பாதி எனக்குக் கிடைச்ச பரிசுதானே?

16/
"இது வராத வரிதானே, கஜானாவிலிருந்து போன பணம் இல்லையே?" இதுவும் சிலர் சொல்றது. வராத வரியும் போன பணமும் கணக்குப் புத்தகத்தில் ஒண்ணுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நெபுலைசர் கூடுதலா வாங்கணும்னு கேட்கும்போது "நிதி இல்லை"ன்னு பதில் வருமே, அந்த நிதிதான் இது.

17/
மத்த நாடுகளைப் பாருங்க. நார்வேயில் 2024-ல் விற்ற புது கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சார கார். பெட்ரோல் காருக்கு வரியை ஏத்தி, மின்சார காருக்கு 25% வாட் வரியை விலக்கி சாதிச்சாங்க. அவங்களே 2023-ல் 5 லட்சம் குரோனர் விலை வரைக்கும்தான் விலக்குன்னு வரம்பு போட்டாங்க. அதுக்கு மேல இருக்கிற தொகைக்கு வரி கட்டணும்னு ஆச்சு.

18/
அமெரிக்காவில் 7,500 டாலர் வரிக் கழிவு இருந்தது. 2023 முதல் அதுக்கும் வரம்பு: சாதாரண கார் விலை 55,000 டாலருக்குள் இருக்கணும், தனிநபர் வருமானம் 1,50,000 டாலருக்குள் இருக்கணும். செகண்ட் ஹேண்ட் மின்சார காருக்கும் 4,000 டாலர் வரை தந்தாங்க. 2025 செப்டம்பர் 30-உடன் எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திட்டாங்க. அது எனக்கு உடன்பாடு இல்ல. ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் கொடுத்துட்டுத் திடீர்னு நிறுத்த மாட்டோம், படிப்படியாதான் குறைப்போம். சலுகையும் அப்படித்தான்.

19/
அதனால நான் கேட்கிறது நாலே விஷயம்:

அ) சாலை வரி விலக்குக்கு ஒரு விலை வரம்பு. 15 லட்சம் வரை முழு விலக்கு, அதுக்கு மேல இருக்கிற தொகைக்கு வரி. (இந்தக் கணக்குப்படி நானும் கட்டியிருக்கணும். கட்டத் தயார்.)

ஆ) அப்படி வர்ற பணத்தை மின்சார ஆட்டோ வாங்குறவங்களுக்கு வட்டி மானியமாவும், அரசு ஜாமீனாவும் தரணும். அவங்களுக்குத் தடையா இருக்கிறது விலையை விட கடன்.

இ) மின்சாரப் பேருந்து முதல்ல ஓட வேண்டியது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இருக்கிற நெரிசல் பாதைகளில்.

ஈ) சலுகை எப்போ, எவ்வளவு குறையும்னு முன்கூட்டியே அட்டவணை. வாங்குறவரும் விற்கிறவரும் திட்டம் போட முடியும்.

20/
நீங்க மின்சார கார் வாங்க நினைச்சா என் ஆலோசனை: சலுகைக்காக வாங்காதீங்க. மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க, வீட்டிலேயே சார்ஜ் போட இடம் இருக்கா, இந்த ரெண்டுக்கும் பதில் வெச்சுக்கிட்டுப் போங்க. மாசத்துக்கு 300 கிலோமீட்டர்கூட ஓட்டாதவங்களுக்கு இருக்கிற வண்டியையே ஒழுங்கா சர்வீஸ் செஞ்சு ஓட்டுறதும், முடிஞ்ச நாளில் பஸ், மெட்ரோவில் போறதும் போதும். நடந்தா சுகரும் குறையும், அது போனஸ்.

21/
அடுத்த வாரம் அந்த ஆட்டோ அண்ணன் இன்ஹேலருக்கு வருவார். மருந்தை எழுதிக் கொடுப்பேன். ஆனா மருந்து வாங்கிட்டு அவர் மறுபடி போய் உட்காரப்போறது அதே புகைக்குள்ளதான். அவரை அங்கிருந்து வெளியே கொண்டுவர என் பேனாவால் முடியாது, பட்ஜெட்டால் முடியும். உங்க தொகுதி சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது இதை ஒரு வார்த்தை கேளுங்க.

கருத்து வேறுபாடு இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, கணக்கோட பேசுவோம்.