ஓடுகிற கம்ப்யூட்டரை ஒதுக்கலாமா?

வண்டி நன்றாக இருக்கிறது. மாடும் திடமாக இருக்கிறது. வண்டிக்காரன் மட்டும், "நாளை முதல் வரமாட்டேன்" என்கிறான். அதற்காக வண்டியை விறகுக்கு உடைப்பார்களா? வேறு வண்டிக்காரனைத்தான் தேடுவார்கள்!

இன்று பல வீடுகளில் கம்ப்யூட்டரின் கதையும் இதுதான்.

கம்ப்யூட்டரை ஓட்டுகிற வண்டிக்காரனுக்கு "இயங்குதளம்" என்று பெயர். திரையில் படம் காட்டுவது, எழுதியதைச் சேமிப்பது, பிரிண்டருக்கு அனுப்புவது எல்லாம் அதன் மேற்பார்வையில் நடக்கின்றன. நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ்.

என்ன நடந்தது?

விண்டோஸ் 10 என்பது 2015-ம் ஆண்டு வந்தது. 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை என்று கம்பெனி அறிவித்தது.

பாதுகாப்பு நின்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. அது ஓடும். ஆனால், திருடன் நுழையும் ஓட்டை ஒன்று புதிதாகத் தெரிந்தால், அதை அடைத்துத் தர ஆள் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் பாங்குக் கணக்கைத் திறப்பது ஆபத்து அல்லவா?

"விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே!" என்பீர்கள். போடலாம். ஆனால் அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், ஓரளவு புதிய பிராசசரையும் கேட்கிறது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இவை இல்லை.

"அப்படியானால் புதிது வாங்குங்கள்" என்று பலர் யோசனை சொல்கிறார்கள். பையனின் படிப்புக்காகச் சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய கம்ப்யூட்டர்! ஒரு பழுதும் இல்லாதபோது அதை ஏன் ஒதுக்கவேண்டும்?

இன்னொரு வண்டிக்காரன்

லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 1991-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கியது. பிறகு உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று அதில் பல வகைகள் உண்டு. இந்த இரண்டுக்கும் விலை இல்லை. 4 ஜி.பி. நினைவகம் இருந்தாலே மின்ட் ஓடும்.

"அது என்ஜினீயர்களுக்கு உரியது" என்று எண்ணவேண்டாம். கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்சில்தான் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறார்கள். தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்புகளிலும் விண்டோசுடன் "பாஸ்" என்ற இந்திய லினக்ஸ் இருந்தது. கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், படம் பார்க்கலாம், தமிழிலும் தட்டெழுதலாம்.

யார் மாறக்கூடாது?

எல்லோரும் மாறுங்கள் என்பது நம் வாதம் அல்ல. கடைக் கணக்கை "டாலி"யில் எழுதுகிறவர்களும், போட்டோ ஸ்டூடியோவில் "போட்டோஷாப்" வைத்திருக்கிறவர்களும் அவசரப்படக்கூடாது. அவை விண்டோசில் ஓடுபவை. லினக்சுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003-ல் லினக்சுக்கு மாற முடிவு செய்தது. சுமார் 15 ஆயிரம் கம்ப்யூட்டர்களை மாற்றியது. 2017-ல் மீண்டும் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது! மற்ற அலுவலகங்களின் கோப்புகள் சரியாகத் திறக்கவில்லை என்பது அங்கே எழுந்த குறைகளில் ஒன்று. ஆகவே, எதற்கு விலை இல்லை என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வேலை என்ன என்று பாருங்கள்.

எப்படி மாறுவது?

முதலில், போட்டோ, சான்றிதழ், கடிதம் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இது மிக முக்கியம். லினக்சை ஏற்றும்போது கவனம் தவறினால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

அடுத்து, 8 ஜி.பி. பென் டிரைவில் லினக்சைப் போட்டு, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். "நிறுவு" என்று சொல்லாதவரை உள்ளே இருக்கும் விண்டோசுக்கு ஒன்றும் ஆகாது. பிரிண்டர் வேலை செய்கிறதா? வை-பை கிடைக்கிறதா? தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா? ஒரு வாரம் பாருங்கள். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் பென் டிரைவை உருவிவிடுங்கள். நஷ்டம் ஏதும் இல்லை.

புதுப் பழக்கம் முதலில் கசக்கும். இருந்த பொத்தான் வேறு இடத்தில் இருக்கும். பத்து நாளில் கை பழகிவிடும்.

கடைக்குப் போகுமுன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கம்ப்யூட்டருக்கு வயது முடிந்துவிட்டது என்று கம்பெனியின் காலண்டர் மட்டும் சொன்னால் போதாது. உங்கள் வேலைக்கு அது உதவுகிறதா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்!